முதல் கை விதை

அது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று பாத்திமா மேரிக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போர்செட் ஓடிக்கொண்டிருந்ததா, வாய்க்காலிலேயே தண்ணீர் வந்துவிட்டிருந்ததா என்பதும் குழப்பம்தான். வரப்பில் நடந்தபோது, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'தொரைராசு, இந்தக் குறுவைக்கு நெலத்த விட்டுடுப்பா.'

மகள் ஃபிளோரா அமெரிக்காவில் இருந்தாள். அவள் கணவன் ஜெரால்ட் ரங்கூனில் பிறந்த தமிழன். அமெரிக்காவுக்கு அவன் படிக்கப் போயிருந்த சமயத்தில் பர்மாவில் சண்டை மூண்டது. நிலைமை சரியாகும்வரை இருந்துகொள் என்று அமெரிக்காக்காரர்கள் தற்காலிகமாக அனுமதி கொடுத்திருந்தார்கள். அதை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்ததிலிருந்து ஃபிளோரா போனில் அழுவதை விட்டுவிட்டாள். அதுதான் பாத்திமா மேரியைப் பயமுறுத்தியது.

"கோர்ட்டுல கேஸ் நடக்குதும்மா. அத நம்பி உக்காந்திருக்க முடியாது. சாமானெல்லாம் வித்துக்கிட்டு இருக்கோம். ரங்கூனுக்குப் போனா இவர பட்டாளத்துல புடிச்சுப் போட்டுருவாங்க. நம்மூருக்கு வந்தா பொழைக்க என்ன இருக்கு?"

"நெலம் இருக்குல்ல."

பின்னாலிருந்து ஜெரால்டின் குரல் கேட்டது. "அத்தே, எனக்கு நெல்லுக்கும் கோரைக்குமே வித்தியாசம் தெரியாது."

"தெரிஞ்சிக்குவீங்க மாப்ள. இங்க உள்ளவங்கல்லாம் தெரிஞ்சிக்கிட்டா பொறந்தாங்க?"

அன்றைக்கே உரமூட்டைகளை வெளியேற்றிப் பின்கட்டு அறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். இனி ஆகவேண்டிய பாக்கி நிலம்தான். கணவர் சவரியப்பன் இறந்த பிறகு அதைக் குத்தகைக்குச் செய்துவந்தவன் துரைராசு. எழுத்து எதுவும் கிடையாது. ஒவ்வொரு போகத்துக்கும் நாற்றங்காலில் முதல் கை விதையைச் சவரியப்பன் வீட்டுக் கைதான் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தப் போகத்துக்கு நிலம் துரைராசுவுடையது. அதற்குப் பிறகு அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை.

நாற்றங்கால் வழவழவென்று பரம்படித்துக் கிடந்தது. முழங்கால்வரை சேறோடு துரைராசு கரையேறினான்.

"வாங்கக்கா. ஆள் அனுப்பலாம்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க." கூடையை நீட்டினான்.

எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையிலேயே அவள் நின்றிருந்தாள். கை தன் பாட்டுக்குக் கூடைக்குள் போயிற்று. முளைகட்டிய விதை வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வீசினாள். சேற்றில் விழுந்து விதை பரவியதைப் பார்த்த பிறகுதான், என்ன செய்திருக்கிறோம் என்று புரிந்தது.

"இந்தக் கைய என்ன பண்றது! நெலத்தக் கேக்க வந்தேன்டா நான்."

"தெரியும்க்கா. பின்கட்டுக்கு வெள்ளையடிச்சப்பவே தெரியும்."

"தெரிஞ்சுதான் கூடைய நீட்டுனியா?"

அவன் கையிலிருந்த சேற்றை வழித்து வழித்து வரப்பில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாக்கா. எனக்கு மட்டும் போக்கிடம் எங்க இருக்கு?"

அவள் கத்தியிருக்கலாம். ஆனால் அவன் குரலிலும் அழுகை இல்லை. போனில் மகளிடம் கேட்டுப் பழகிய அதே வறண்ட குரல். கேவலமாகக் கூட இருந்தது அவளுக்கு. கடல்தாண்டி எவனோ தன் மருமகனிடம் சொல்வதைத்தானே தானும் இவனிடம் சொல்ல வந்தது? ஆனாலும் மகள் வரத்தான் போகிறாள். சோறு வேண்டும்.

"போட்டது போட்டதுதான். இந்தப் போகம் ஒனக்கு. அடுத்த போகத்துக்குக் கூப்புடாத, என் கை வராது."

"பாதியாச்சும் விடுங்கக்கா."

"அதச் சொல்லு. அதப் பேசுவோம்."

துரைராசு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டான். "மாப்ளைக்கு வயல்ல எறங்கத் தெரியுமா?"

"நெல்லும் கோரையும் ஒண்ணுங்குறாரு."

"அப்பப் பாதியே அதிகம்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் திரும்பிப் பார்க்காமல் நாற்றங்காலில் இறங்கினான்.

குறுவை அறுப்பதற்குள் ஃபிளோராவும் ஜெரால்டும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த போகத்தில் பாதி நிலம் பாத்திமா மேரியிடம் திரும்பியது. மீதியை இன்னும் துரைராசுதான் செய்கிறான். அவனும் அவளும் முன்போல் பேசிக்கொள்வதில்லை. ஃபிளோரா கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஜெரால்டுக்கு இங்கேயும் கிடைத்திருப்பது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய விசாதான். அதற்காகத் தஞ்சாவூருக்குப் போகிற நாட்களில் அவனைக் கூட்டிப்போகத் துரைராசு வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான். இறங்குவதில்லை, ஹாரன் மட்டும் அடிக்கிறான்.