உலகம்மாளைத் திரும்பச் சேர்க்கும் திருத்தம்

எங்கள் ஊர் திறந்த மூல நிரலில் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். அது ஊர்க் குழுவிலுள்ள ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போகும். படித்தவர்கள் குறை சொல்வார்கள். குறை தீர்ந்ததும் பராமரிப்பாளர் சங்கரவேலு சேர்த்துக்கொள்வார். மறுநாள் காலை ஊர் அப்படி இருக்கும். வாட்டர் டேங்க் இரண்டு தெரு தள்ளிப் போனதும், செவ்வாய்ச் சந்தை புதனுக்கு மாறியதும் இப்படித்தான்.

மாசி ஒன்பதாம் தேதி 'பயன்படாத பெயர்களை நீக்குதல்' என்று ஒரு திருத்தம் வந்தது. தொண்ணூறு நாளாக ஒருவரும் சொல்லாத பெயர்களை, அவற்றுக்கு உரியவர்களோடு எடுத்துவிடலாம் என்று அதில் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. நானும் படித்தேன். கணக்கு சரியாக இருந்தது. பத்தாம் தேதி காலை என் மனைவி வீட்டில் இல்லை.

அவள் பெயரை நான் சொல்வதில்லை. 'இந்தா' என்பேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் நான்கு முறை சொல்லியிருக்கிறேன். நான்கும் அரசு அலுவலகங்களில். தீப்பெட்டி ஆபீசில் பண்டல் எண்ணுவது என் வேலையாக இருந்ததால், தெருவில் அவளைப் பண்டல்காரர் வீட்டம்மா என்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஜெஸிந்தாவின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவளைத் திரும்பச் சேர்க்கும் திருத்தத்தை எழுதினேன். சேர்க்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கூட்டல் குறி போட வேண்டும்; நீக்கும் வரிக்குக் கழித்தல் குறி. இருநூற்றுப் பன்னிரண்டு வரி வந்தது. வலது முழங்கால் வலி, பாலுக்கு உறை ஊற்றும் கை, எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டல் குறி. தலைப்பில் 'வீட்டில் உள்ளவர்களைச் சேர்த்தல்' என்று போட்டேன்.

“யாரைன்னு கேப்பாங்க அண்ணாச்சி. பேரைப் போடுங்க” என்றாள் ஜெஸிந்தா.

“ஊரே படிக்கும்மா.”

“படிக்கட்டும். நாப்பத்தொரு வருசம் சோறு போட்டவங்க பேருதான? என்னமோ களவாண்ட பொருள் மாதிரி மறைக்கீங்க.”

நான் போடவில்லை. யாரை என்று கேட்டுத் திரும்பி வந்தது. இரண்டாம் முறை போட்டேன். ஆறு எழுத்தைத் தட்ட அரை மணி நேரம் ஆனது. திருத்தத்தைத் தனிக் கோப்பாக இணைத்திருந்ததால் அதுவும் திரும்பியது; அஞ்சலுக்குள்ளேயே எழுத வேண்டுமாம். மூன்றாம் முறை நீளமான வரிகளை அஞ்சல் தானாகவே இரண்டிரண்டாக மடித்துவிட்டதால் திரும்பியது. நான்காவதற்குச் சங்கரவேலு, 'பெரிதாக இருக்கிறது, ஓர் அஞ்சலில் ஒரு விஷயம்' என்று எழுதினார்.

அவளை ஒன்பது பகுதிகளாகப் பிரித்தேன். குரல் முதலாவது. கை இரண்டாவது. சிரிப்பு நான்காவது. கோபம் ஏழாவது.

குழுவில் குறைகள் வந்தன. பக்கத்து வீட்டுப் பிச்சையா, 'ஏழாவது பகுதி எதற்கு? எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதையே நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று எழுதினார். ரோஸ்மேரி டீச்சர், 'நான்காவதில் சிரிப்பு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எண்ணிக்கை சரிதானா?' என்று கேட்டார். சரிபார்த்தேன். சரிதான் என்று பதில் எழுதினேன்.

பதில் எழுதி முடிப்பதற்குள் யாரோ எங்கள் தெருவில் சமையலறைகளை எல்லாம் கிழக்குப் பக்கம் மாற்றியிருந்தார்கள். 'பொருந்தவில்லை. இன்றைய ஊருக்கு ஏற்றபடி செய்து அனுப்பவும்' என்று வந்தது. செய்து அனுப்பினேன். மறுபடி ஊர் மாறியது. குழுவில் வேண்டாம் என்று சொன்ன வரிகளை எடுத்தேன். பதினொன்றாம் பதிப்பில் நூற்று நாற்பது வரி மிஞ்சியது. அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்தது சோதனை ஊரில். அது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, எங்கள் ஊரின் நகல். புதியவை முதலில் அங்கேதான் ஓடும். ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலியில் நான் இருந்தேன்.

“உலகம்மா, தண்ணி கொண்டா” என்றேன் அங்கே இருந்த நான், தெருவுக்கே கேட்கும்படி.

“எந்திரிச்சு வந்து குடிங்க. இப்பதான் பேரு தெரியுதாக்கும்.”

ஏழாம் பகுதி நன்றாக வேலை செய்தது. திரும்பி வந்தேன்.

எங்கள் ஊருக்கு அவளை மாற்றித் தரும்படி எழுதினேன். சங்கரவேலு ஒரே வரியில் கேட்டார்: 'அங்கே அந்தப் பெயர் நாளொன்றுக்குப் பதினாறு முறை பயன்படுகிறது. இங்கே சொல்லப்போவது யார்?'

கிழக்குச் சமையலறையில் நின்று சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிச்சையா இருமினார். மூடிக்கொண்டேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். நான்காம் நாள், 'யாரும் இல்லை' என்று பதில் அனுப்பினேன்.

அடுத்த வாரம் 'இரண்டு இடத்தில் இருப்பவரை ஒன்றாக்குதல்' என்று ஒரு திருத்தம் வந்தது. நன்றாக ஓடும் நகலை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது. நீக்கப்படும் இடத்தில் என் கதவு எண் இருந்தது. இரண்டு நாளாக ஒருவரும் அதைப் படிக்கவில்லை. யாராவது பார்த்துச் சொல்லுங்கள் என்று சங்கரவேலு கேட்டிருந்தார்.

நான் வரி வரியாகப் படித்தேன். மொத்தம் நூற்று அறுபத்து நான்கு கழித்தல் குறிகள். வயது அறுபத்தெட்டு என்று இருந்தது. எனக்கு அறுபத்தொன்பது. அந்த வரிக்குக் கீழே அதை எழுதி அனுப்பினேன். மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்த பதிப்பு வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். 'பார்த்தேன், சரி' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.