ஒன்பதாம் டப்பா

பாம்பு வளர்ப்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவனை வட இங்கிலாந்தில் எங்கள் பார்ன்ஸ்லி வட்டாரத்தில் மறுபடி ஒருவரும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். ஒருவர் தன் பெண் பாம்பை இன்னொருவரின் ஆண் பாம்போடு சேர்க்க பங்கு வாரத்துக்கு விட்டால், பிறக்கும் குட்டிகளை இரண்டு பேரும் மாறி மாறிப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். முதல் கை பெண் பாம்பின் சொந்தக்காரருக்கு. பொறுக்கும் நாள்வரைக்கும் எந்தக் குட்டி மேல் ஆசை என்று இருவருமே வாயைத் திறக்கக்கூடாது. ஆசையைச் சொல்வது பிச்சை கேட்பதற்குச் சமம்.

இந்தக் கட்டுப்பாட்டை உண்டாக்கிய புண்ணியவான் எவனோ, அந்த அக்டோபர் முழுக்க அவனை நான் சபிக்காத நாளில்லை.

பகலில் நான் பேருந்து ஓட்டுகிறேன். மிச்ச நேரமெல்லாம் வானவில் போவா என்ற பாம்புகளோடுதான். மாடி அறை முழுக்க அவற்றின் கூண்டுகள். அவற்றுக்கு எப்போதும் ஈரம் வேண்டும் என்பதால் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுவரில் ஒட்டிய அலங்காரத் தாளெல்லாம் உரிந்து தொங்குகிறது. அதைப் பற்றி என் கணவன் கிளைவ் புலம்பி ஓய்ந்துவிட்டான். புகைப்படம் எடுப்பதிலும் எனக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் பாம்பு கிளப் நாட்காட்டியில் பாதி மாதங்களுக்கு மேல் என் படந்தான். தற்பெருமை என்றால் தற்பெருமையே, இருந்துவிட்டுப் போகட்டும்.

டச்சஸ் என்ற பெண் பாம்பை என்னிடம் விட்டவர் நெவில் ஆக்ராய்டு, ஓய்வுபெற்ற கொத்தனார். எல்லோரையும் 'கண்ணு' என்று கூப்பிடுவார். அபராதச் சீட்டு எழுதுகிறவளைக்கூட 'கண்ணு' என்பார். மனைவி ஷீலா போய்ச்சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவரும் டச்சஸும்தான். போவா முட்டையிடாது, குட்டிதான் போடும்; அது செப்டம்பரில் என் வீட்டில் பதினொரு குட்டி போட்டது, கரு பிடிக்காத இரண்டு கூமுட்டையோடு. அடுத்த வாரமே டச்சஸ் செத்துப்போனது. முடங்கிக் கிடந்தபோதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தேன். வயது, வேறொன்றுமில்லை என்றார் அவர். நெவிலுக்கு ஃபோன் செய்தேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். 'கண்ணு' இல்லை, ஒன்றுமில்லை.

குட்டிகள் முதல் சட்டை உரித்தன. அன்றைக்குத்தான் நான் கெட்டேன்.

குட்டிக்கொரு டப்பாவாக எண் போட்டு வைத்திருந்தேன். நாலாம் டப்பாவிலிருந்த பெண் குட்டி. அடுப்புத் தணலின் நிறம். விலாவில் வரிசையாகப் பிறைகள், ஒன்றுகூட உடையாமல், ஒன்றுகூடக் கோணாமல். பதினான்கு வருடமாக இந்தப் பிறைகளுக்காகத்தான் ஜோடி மாற்றி ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஈத்திலும் எங்கோ ஒரு பிறை உடைந்திருக்கும். இதோ, முழுசாக வந்து நிற்கிறது, முதல் கை இன்னொருவருக்கு!

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி ஓட்டும்போது நிறுத்தம் தாண்டிப் போனேன். ஒரு பாட்டி குடையால் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் பிரேக் போட்டேன். வீட்டுக்கு வந்தால் மேலே ஏறுவது, நாலாம் டப்பாவைத் திறப்பது, மூடுவது, இறங்குவது, திரும்ப ஏறுவது. சாப்பாடு இறங்கவில்லை.

"பாம்பு குட்டி போட்டுச்சு, நீ குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கிட்டிருக்கே" என்றான் கிளைவ். "அந்த மனுஷன்கிட்ட வாயைத் திறந்து கேட்டுத் தொலையேன்."

"கேக்கக்கூடாது. அது முறையில்ல."

"முறையாம். இங்கிலாந்து ராணுவத்துலகூட இவ்வளவு முறை இல்லடி."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

அவன் சும்மா இருக்கவில்லை. படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கீழேயிருந்து மியாவ் என்று கத்தினான்.

குட்டிகள் மூன்று முறை இரை எடுத்த பிறகுதான் பங்கு பிரிப்பது வழக்கம். அதற்கு முந்தைய வாரம் எல்லாக் குட்டிகளையும் படம் எடுத்து நெவிலுக்கு அனுப்ப வேண்டும். யாருமே டப்பாவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான். டப்பாவுக்குள் எல்லாம் நனைந்த ஷூ நாடா போலத்தான் கிடக்கும். வெயில் பட்டால்தான் அந்த நீலமும் பச்சையும் ஊதாவும் தோல் மேல் எண்ணெய் மிதப்பதுபோல ஓடும். யார்க்‌ஷயரில் வெயிலை ஆர்டர் கொடுத்தா வரவழைக்க முடியும்?

புரிகிறதா? படம் எடுப்பது நான். நாலாம் குட்டியை நான் எப்படிக் காட்டுகிறேனோ அப்படித்தான் நெவில் பார்ப்பார்.

புத்தி போயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். பழுப்புக் கால்மிதி மேல் விட்டேன். மேலே பிணத்தைப்போல வெளுத்த குழல்விளக்கு. ஒரு படம் எடுத்தேன். திரையில் பார்த்தேன். தணல் போன்ற குட்டி வேகவைத்த கயிறு மாதிரிக் கிடந்தது. இதை அனுப்பினால் போதும், நெவில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

என்னால் முடியவில்லை. நல்லவள் என்பதால் அல்ல, அப்படி யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவு கேவலமான படத்தின் கீழ் என் பெயர் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அழித்தேன்.

சமையலறை ஜன்னலோரம் கருங்கல் பலகை ஒன்றை வைத்தேன். குட்டியை அதன் மேல் விட்டுச் சூப் கிண்ணத்தால் கவிழ்த்து மூடினேன். இருட்டில் கொஞ்ச நேரம் கிடந்தால் சுருண்டு அடங்கும். அப்போது கிண்ணத்தைத் தூக்கிப் படமெடுக்க வேண்டும். தூக்கின போதெல்லாம் அது என் விரலைக் கடித்தது. கேமராவெல்லாம் ரத்தப் பொட்டு. மேகமும் முழுசாக விலகவில்லை. அவ்வப்போது எட்டிப்பார்த்த வெயிலில் ஒவ்வொரு டப்பாவாகக் கொண்டுவந்து, ஒன்பதைத் தவிர மற்றக் குட்டிகளை எடுத்து முடித்தேன், ஆளுக்கு ஏழெட்டுப் படம். மத்தியானம் திடீரென்று முழு வெயில் வந்தது. ஓடிப்போய் நாலாம் குட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். கிண்ணத்தைத் தூக்கினேன். கடிக்கவில்லை. தலையைச் சுருளின் மேல் வைத்து என்னையே பார்த்தது. உடம்பு முழுக்க வானவில். நாற்பது படம் எடுத்திருப்பேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் எடுத்ததில்லை.

அதற்குள் வெயில் போய்விட்டது. ஒன்பதாம் குட்டி மட்டும் பாக்கி. அது சேற்று நிறம். கழுத்து வளையங்கள் ஒழுங்காகப் பிரியாமல் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. எங்களைப் போன்றவர்கள் அதைக் குறை என்போம். வேலைக்கு வேறு நேரமாகிவிட்டது. கிண்ணமெல்லாம் வைக்கவில்லை, டப்பாவிலேயே வைத்து கேமராவை ஒரு தட்டு. அது அசைந்துவிட்டது. படம் கலங்கிப் போயிருந்தது. இதற்கு இது போதும் என்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

நெவிலிடமிருந்து பதில் வந்தது: "கிடைச்சுது." அவ்வளவுதான்.

"கிடைச்சுதுன்னா என்ன அர்த்தம்?" என்று கிளைவைக் கேட்டேன்.

"கிடைச்சுதுன்னு அர்த்தம்."

"நாலைப் பாத்துட்டாரு. அதான் மூச்சு விடல. அடக் கடவுளே, நானே எடுத்துக் கொடுத்துட்டேனே!"

"சொந்தச் செலவுல சூனியம்" என்று சொல்லி ரொட்டியில் வெண்ணெய் தடவினான் அவன். அந்தக் கத்தியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை நெவில் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. டீ வேண்டாம் என்றார். நெவில் டீ வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாடி ஏறினோம், கிளைவும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தான். பதினொரு டப்பாவும் மேசை மேல் வரிசையாக இருந்தன.

ஒவ்வொன்றாகத் திறந்தார். நாலுக்கு வந்தார். திறந்தார். குட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றார்.

வாயைத் திறந்தால் கெஞ்சிவிடுவேன் என்று பயம்.

அவர் நாலைத் திரும்பப் போட்டு மூடினார். பிறகு நேராகப் போய் ஒன்பதாம் டப்பா மேல் உள்ளங்கையைப் படாரென்று வைத்தார்.

"இது என்னோடது. முதல் கை."

"ஒன்பதா?" என்றேன்.

"ஆமா, ஒன்பது. ரொம்ப ஆச்சரியப்படாத லொரெய்ன். உன் வேலையெல்லாம் எனக்குத் தெரியும். பத்துக் குட்டியை மாதா கோயில் வண்ணக் கண்ணாடியாட்டம் எடுத்திருக்கே. இதை மட்டும் கழுவுற தொட்டியில அடைச்ச மயிரு மாதிரி. ஒரே படம், அதுவும் கலங்கல். யாரு, நீ எடுத்தது! எலி அம்மணமா ஓடினா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? எனக்குத் தெரியாம அமுக்கிடலாம்னு பாத்திருக்கே."

எனக்குக் காது சூடேறியது. நானா? வேண்டுமென்றே கலங்கலாகப் படம் எடுக்கிறவளா நான்? குளியலறைக் கால்மிதியில் எடுத்ததைக்கூட அழித்துவிட்டு வந்தவள் நான்! வாய்வரைக்கும் வந்துவிட்டது, 'யோவ், அதை எவனும் சீண்டமாட்டான், ரெண்டாவது படம் எடுக்கக்கூட லாயக்கில்லாத குட்டிய்யா அது' என்று.

அதற்குள் அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரு பெண்ணின் உள்ளங்கையில் விரல் மொத்தமே இருந்த பாம்புக் குட்டி. கழுத்தில் மூன்று வளையங்கள், ஒன்றோடொன்று பிணைந்து.

"டச்சஸ்" என்றார். "வாங்கின அன்னிக்கு. அது ஷீலாவோட கை. அவ அதைச் சங்கிலின்னு சொல்லுவா, என் சங்கிலி போட்ட மகராணின்னு. வயசாக வயசாக மங்கிப் போச்சு, நீ பாத்திருக்க மாட்டே. உன் படத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், அந்தக் கலங்கல்லகூடத் தெரிஞ்சுது. நான் படுற பாட்டைக் கேளு, ஒரு வாரமாத் தூக்கமில்ல. நீயும் இந்தச் சங்கிலி மேலதான் கண்ணு வச்சுட்டே, என்னமோ பண்ணி என்னைத் தட்டிவிடப் போறேன்னு. முதல் கை எனக்குத்தான், தெரியும். இருந்தாலும் மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

கன்னம் துடித்தது அவருக்கு. ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அவர் கை இன்னும் அந்த டப்பாவை விடவில்லை.

கிளைவ் என்னைப் பார்த்தான். உண்மை முழுக்க அவனுக்குத் தெரியும். "இல்ல நெவில், அவ வந்து..." என்று ஆரம்பித்தான். ஒரு முறை முறைத்தேன். வாயை மூடிக்கொண்டான்.

"கையும் களவுமாப் பிடிச்சுட்டீங்க" என்றேன் நான். "என்ன பண்றது, ஆசை யாரை விட்டுது."

"பாத்தியா, பாத்தியா!" அவர் முகம் அப்படி மலர்ந்தது. "கிளப்ல சொல்லாம விடமாட்டேன். உன் மானத்தை வாங்கிடுவேன்."

"சொல்லிக்குங்க."

"சொல்லத்தான் போறேன். பொல்லாத பொம்பளடி நீ. சரி, உன் கை. எடு கண்ணு."

நாலாம் டப்பாவை எடுத்தேன். பதினான்கு வருடம். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் துள்ளிக் குதிக்கும் சந்தோஷம் இல்லை அது.

நெவில் கோட்டைக் கழற்றிவிட்டு டீ கேட்டார். மூன்று கோப்பை குடித்தார், பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தார். மிச்சக் குட்டிகளைப் பொறுக்கும்போது பார்க்கக்கூட இல்லை, கை போன போக்கில் எடுத்தார். போகும்போது ஒன்பதாம் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், குளிராதிருக்க.

சொன்னபடியே கிளப்பில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். இந்த வருட நாட்காட்டிக்கு என்னிடம் யாரும் படம் கேட்கவில்லை. நான் நாலாம் குட்டியை எடுத்த படம் என் கணினியிலேயே கிடக்கிறது.

"அன்னிக்கே உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கிளைவ் கேட்டான், நாட்காட்டி என் படமில்லாமல் வந்த அன்றைக்கு. "ஏன்டி இந்தத் தலையெழுத்து உனக்கு?"

"நெவில்கிட்ட என்னன்னு சொல்லச் சொல்ற? உங்க பொண்டாட்டி பாத்துப் பாத்துப் பூரிச்ச அந்தக் கழுத்தை, இன்னொரு தடவை பாக்கணும்னுகூட எனக்குத் தோணல, அதான் ஒரே படம்னா?"

கிளைவ் கெண்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான்.