நாலாம் நம்பர் காட்டேஜின் தாராளம்

புதுமடம் கடற்கரை ரிசார்ட்டில் உள்ள நாலாம் நம்பர் காட்டேஜ், ஆள் வந்து தங்கினால் வளரும். எல்லாருக்கும் வளராது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. காரைக்குடிப் பக்கமிருந்து வந்த ஓர் அண்ணன் தம்பி குடும்பத்துக்கோ, வந்த அன்று சாயங்காலத்துக்குள் அடுப்படிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே கபடி ஆடலாம் என்கிற அளவுக்கு இடம் விழுந்துவிட்டது. வீட்டு வரிக்கு அளக்க வந்த பஞ்சாயத்து ஆள் காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் கண்டு, டேப்பின் மேல் சந்தேகப்பட்டு வேறு டேப் வாங்கி வந்தார். கடைசியில் 'சுமார்' என்று எழுதிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நண்டு விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று யாருக்காவது புரிந்திருக்கிறதா? அது மாதிரி இதுவும் என்று விட்டுவிட்டார்கள். மேனேஜர் தவ்ஃபீக் மட்டும் தொழில் தெரிந்த ஆள். 'வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் தாராளமான இடவசதி' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

தங்கச்சிமடத்து எட்வர்ட் அந்த விளம்பரத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அருள்மேரிக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம் நிறைகிறது. கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகள் மூன்று பேரும் வருகிறார்கள். மூத்தவன் ஜெபஸ்டினுக்குக் குவைத்தில் இழுவைக் கப்பலில் வேலை. நடுவிலுள்ள ஜோஸ்லின் அயர்லாந்தில் நர்ஸ். கடைக்குட்டி ஆன்டனி ராஜ் கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி இன்ஜினியர். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கிறிஸ்துமஸுக்கு வரட்டும், இந்தத் தடவை நான் பெற்றது மட்டும் வந்தால் போதும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அருள்மேரி. அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். குடும்பச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பதும், தாய் தன் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவதும் அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவள் வீட்டில் மூன்று நெற்றியும் ஒன்றாகச் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. சாகிறதுக்குள் இன்னொரு தடவை போட்டுவிட வேண்டும் என்று பார்த்தாள்.

சேராததற்குக் காரணம் இருந்தது. எட்வர்டுக்கு மதுரையில் நெஞ்சு ஆபரேஷன் நடந்தபோது மூத்தவன் வரவில்லை. கடைக்குட்டிதான் தனியாகக் கிடந்து பார்த்தான். எல்லாம் முடிந்தபின் போனில், "நீ போட்டோவுக்கு மட்டுந்தாண்ணே அண்ணன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதோடு இரண்டு பேரும் கனவான்களாகிவிட்டார்கள். பிறந்தநாளுக்கு இவன் கேக் படம் அனுப்புவான், அவன் கைகூப்புப் படம் அனுப்புவான். சண்டை என்று ஒன்று வந்திருந்தால் தீர்ந்திருக்கும். அவர்களோ மரியாதையில் இறங்கிவிட்டார்கள்.

எட்வர்ட் இதற்கு இரண்டு ஏற்பாடு செய்தார். முதலாவது நேர்ச்சை. மூன்று பேரையும் வீடியோ காலில் கூப்பிட்டு, அந்தோணியார் படத்துக்கு முன்னால் கையை நீட்டச் சொல்லி, பழைய பேச்சை எடுக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். மீறுகிறவர் உப்பும் மிளகும் சுமந்து முழங்காலில் கோயிலுக்கு வர வேண்டும். இரண்டாவது இடம். சொந்த வீட்டில் ஒருவர் தும்மினால் மற்றவர் தலையை நகர்த்திக்கொள்ள வேண்டும். "ஒரசுனாத்தான சண்ட வரும்? ஆளுக்கொரு ரூமு இருந்தா ஏன் ஒரசுது?" என்பது அவர் கணக்கு. இராமேஸ்வரத்து லாட்ஜுகளைப் போய்ப் பார்த்தார். ஈரத்துணியோடு நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படிக்கட்டில் நிற்க வேண்டிய அறைகள். மண்டபத்தில் ஒன்று பார்த்தார், அங்கே கட்டிலைப் போட்டபிறகு கதவு திறக்கவில்லை. புதுமடத்தில் தவ்ஃபீக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிள்ளைக ஒருத்தருக்கொருத்தர் எப்படிண்ணே?" எட்வர்ட் நெஞ்சை நிமிர்த்தி, "தங்கமான பிள்ளைக. ஒரு சத்தம் வராது" என்றார். "அப்ப நாலாம் நம்பரே எடுத்துக்கங்க. எடத்துக்குப் பஞ்சமே வராது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் வந்து இறங்கியபோது காட்டேஜ் ஒழுங்காகத்தான் இருந்தது. நடுவே ஹால், சுற்றி அறைகள், பின்னால் அடுப்படி, முன்னால் கடல். ஜெபஸ்டின், "கெழக்கு ரூம தம்பி எடுத்துக்கிறட்டும், காத்து நல்லா வரும்" என்றான், தம்பியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து. ஆன்டனி ராஜ், "அண்ணனுக்கு எது சௌகரியமோ பாத்துக்கிறச் சொல்லுங்கம்மா, எனக்கு எதுன்னாலும் ஓகே" என்றான், அவனும் அம்மாவைப் பார்த்துத்தான். மணலில் வள்ளத்தை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அருள்மேரி திரும்பினாள். கிழக்குச் சுவர் கொஞ்சம் தள்ளி நின்றது. "என்னையப் பத்திக் கவலப்படாதீங்க, நான் எங்கன வேணாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிருவேன்" என்றாள் ஜோஸ்லின். வடக்குச் சுவரும் நகர்ந்தது. எட்வர்ட் சுற்றும்முற்றும் பார்த்து, "கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கான் பாரு" என்று பூரித்துப்போனார்.

கடைசியில் கிழக்கு அறை ஜெபஸ்டினுக்கே விழுந்தது. மறுநாள் அவன் ஜன்னலைத் திறந்தபோது பாம்பன் பாலத்தில் ரயில் போவது தெரிந்தது. ஜோஸ்லினின் அறை உச்சிப்புளியை எட்டியிருந்தது. கடற்படை ஹெலிகாப்டர் சத்தத்தில் அவளுக்குத் தலைவலி. யாரையும் சங்கடப்படுத்தக் கூடாதென்று அதை அவள் சொல்லவில்லை, சொல்லாததால் அறை இன்னும் கொஞ்சம் நீண்டது. ஆன்டனி ராஜின் அறை மேற்கே பனங்காட்டுக்குள் நுழைந்துவிட்டது. அங்கே மழை பெய்துகொண்டிருந்தபோது ஹாலில் அருள்மேரி வடகம் காயப்போட்டிருந்தாள். வராந்தாவில் ஆடுகள் மேய்ந்தன. நடுவழியில் ஒரு பெண் டீக்கடை போட்டாள். விருந்தாளிகள் சிரமப்படக் கூடாதென்று தவ்ஃபீக், வீரபத்திரன் என்பவரின் ஷேர் ஆட்டோவை வீட்டுக்குள்ளேயே ஓடவிட்டார். ஹாலில் ஏறினால் மேற்கு பெட்ரூம், வழியில் பாத்ரூமில் ஒரு ஸ்டாப்பிங்.

அருள்மேரி விளமீன் குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தாள். போய்ச் சேரும்போது குழம்பு ஆடை கட்டியிருந்தது. மூன்று பேரும் சூப்பர் என்றார்கள். புளி குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற ஜெபஸ்டின், "ஒங்களுக்கு எதுக்கும்மா செரமம்? தேங்க்ஸ்மா" என்றான். அவள் தூக்குச்சட்டியை மூடினாள். பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா இது! அடுத்த வீட்டுக்காரன்கூட இவ்வளவு மரியாதையாகப் பேச மாட்டான். அன்றைக்கு நன்றிப் பூசையில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் கிடந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து, பூசை முடிகிற வரை எழுந்திருக்கவில்லை.

செபத்தைப் போனில்தான் சொன்னார்கள். ஹாலிலிருந்து அருள்மேரி 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினால், கிழக்கு அறையிலிருந்து பதில் வந்து, வடக்கு அறையிலிருந்து அதே பதில் பின்னால் வந்து, மேற்கில் சிக்னல் இல்லாமல் தேவமாதா பாதியில் நின்றாள். முடிந்ததும் மூன்று முகமும் போன் கண்ணாடிக்குள் வரிசையாக வந்தன. அருள்மேரி பெருவிரலை நீட்டி, ஜெபஸ்டினின் நெற்றியில் சிலுவை போட்டாள். விரல் எங்கோ பட்டு லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டுப் போட்டாள், திரும்பவும் கட்டாகிவிட்டது. "பரவால்லம்மா, மனசுல போட்டா போதும்" என்று மெசேஜ் வந்தது. வடக்கே எங்கேயோ சுவர் நகர்கிற சத்தம் கேட்டது. அருள்மேரி அடுப்படியில் போய் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கடைசி நாள் காலையில் எட்வர்ட் நெஞ்சு மாத்திரையைப் போட மறந்துவிட்டுப் போட்டேன் என்று சாதித்தார். அருள்மேரி பிடித்துக்கொண்டாள். "பொய்யாச் சொல்றீக? அட்டையில மாத்திர முழுசா இருக்கு! ஒங்கள மதுரயில இருந்து தூக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்று கத்தினாள். அவரும் விடவில்லை, இவளும் விடவில்லை. கத்திக்கொண்டிருக்கும்போதே, தொலைவில் கிடந்த அலமாரி அவள் முதுகை வந்து இடித்தது. அருள்மேரி அலமாரியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே அவருடைய அக்கா குடும்பத்தை இழுத்து இரண்டு வார்த்தை சொன்னாள். அடுப்படி ஓடோடி வந்து பக்கத்தில் நின்றது. அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

மாலையில் பிள்ளைகள் பெட்டியோடு ஹாலுக்கு வந்து சேர்ந்தார்கள். விடிந்தால் ஆளுக்கொரு ஊர். ஹாலின் மூன்று மூலையில் மூன்று சோபாவில் உட்கார்ந்தார்கள். ஒரு சோபாவிலிருந்து இன்னொரு சோபாவுக்குக் கூப்பிட்டால்தான் கேட்கும். அருள்மேரி ஹாலின் நடுவில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்டாள்: "ஏலே ஆன்டனி, அய்யா ஆஸ்பத்திரில கெடந்தப்ப அண்ணன என்ன சொன்ன நீ? இப்பச் சொல்லு, அவென் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"ஏ அருளு! நேர்ச்சைடி!" என்று எட்வர்ட் பதறினார்.

"அந்தோணியார்ட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சும்மா இருங்க."

ஆன்டனி ராஜ், "அதெல்லாம் எதுக்கும்மா, முடிஞ்சு போச்சு, அண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும்..." என்று ஆரம்பித்தான். சுவர்கள் நகரத் தயாராவது அவளுக்குக் கேட்டது. "பொய்யி! தொண்டைக்குள்ள வச்சுக்கிட்டு எத்தன வருசம்டா முழுங்குவ?" என்றாள். அவ்வளவுதான். அவன் எழுந்துவிட்டான்.

"ஆமா சொன்னேன்! ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாய்ங்க. ஒனக்குத்தாண்ணே போன் போட்டேன். எத்தன தடவ போட்டேன் தெரியுமா? நீ எடுக்கவே இல்ல!"

சோபாக்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தன. ஜெபஸ்டின் கத்தினான்: "எப்படிடா எடுப்பேன்? பாஸ்போட்ட வாங்கி வச்சுக்கிட்டு கப்பல விட்டு எறங்க விடலடா! போனையும் பிடுங்கிட்டாய்ங்க!"

"அதச் சொல்ல வேண்டியதுதான?"

"என்னன்னு சொல்றது? அய்யா அங்கன கெடக்காரு, நான் இங்கன கைதி மாதிரிக் கெடக்கேன்னா? மூத்தவன்டா நான்! வெக்கமாயிருந்துச்சு!"

"என்னைய ஒரு வார்த்த கேட்டீகளாடா ரெண்டு பேரும்?" என்று ஜோஸ்லின் நடுவில் புகுந்தாள். "ரிப்போட்டு ரிப்போட்டா அனுப்புனான் சின்னவென், நான் நர்சுல்ல! அது என் அய்யாவோட ரிப்போட்டுன்னு ஒருத்தனுக்காவது தோணுச்சா?"

மேற்கு அறை பனங்காட்டை விட்டுக் கிளம்பி, உச்சிப்புளியும் பாம்பனும் பின்னால் போய், வராந்தா சுருட்டிய பாய் மாதிரி வந்து ஒடுங்கியது. டீக்கடைக்காரி பாய்லரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வீரபத்திரன் ஆட்டோவை ரிவர்ஸிலேயே எடுத்துக் கடற்கரைக்குப் போய்விட்டார். டீ குடிக்க வந்த ஊர்க்காரர்கள் மணலில் நின்றபடி, "நல்ல குடும்பம்" என்று சொல்லிக்கொண்டார்கள். சோபா மூன்றும் ஜன்னல் வழியாகப் பிதுங்கி வெளியே விழுந்தன. கடைசியில் ஒரு வள்ளத்தின் தட்டு அளவுக்கு இடம் மிஞ்சியது. ஐந்து பேரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க, மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணும் மூக்குமாக ஒழுக விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்வர்ட் முகத்தைச் சுளித்தார். ஜோஸ்லின் அவர் நாடியைப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க அண்ணன் கால் என் கால்மேல கெடக்கு. கொஞ்சம் எடுக்கச் சொல்லு" என்றார்.

எடுக்க இடம் இல்லை. தம்பி அண்ணனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே வைப்பான்? அருள்மேரி செபத்தைத் தொடங்கினாள். பதில் மூன்று குரலிலும் ஒன்றாக வந்தது. முடிந்ததும் யாரும் எழுந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. கையை மடக்கியபடியே மூன்று நெற்றியிலும் சிலுவை போட்டாள். மூன்றும் வியர்த்திருந்தன. விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுவாரம் உப்பும் மிளகும் சுமந்து முழங்காலில் கோயிலுக்குப் போனாள். வழியில் கேட்டவர்களுக்கு, நேர்ச்சை பலித்துவிட்டது என்றே சொன்னாள். தவ்ஃபீக் அந்தக் காட்டேஜுக்காக இப்போதெல்லாம் விசாரிக்கிறவர்களிடம் எத்தனை அறை வேண்டும் என்று கேட்பதில்லை. யார் யாரோடு பேசிக்கொள்வதில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப ஆட்டோவுக்குச் சொல்லிவைக்கிறார்.

போன வாரம் ஜெபஸ்டின் குவைத்திலிருந்து கூப்பிட்டான். அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்ததாம். "ரொம்ப தேங்க்ஸ்மா, ஒங்களுக்குத்தான் செரமம்" என்றான். தங்கச்சிமடத்து வீட்டின் ஹாலில் உட்கார்ந்திருந்த அருள்மேரி, சுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, அவனை வையத் தொடங்கினாள்.