முதல் வரிசைக்கு மேலே

மகள் பாடுவதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்து வந்தவர், உள்ளே நுழைந்ததும் கூரையைத்தான் பார்த்தார். அரங்கு அரங்காக ஸ்பீக்கர் கட்டித் தொங்கவிடுகிறவருக்குப் பழக்கதோஷம். யாரோ மாட்டிய பெரிய ஸ்பீக்கர், பாதுகாப்புச் சங்கிலி இல்லாமல் ஒற்றைக் கொக்கியில் தொங்கியது. கொக்கி விட்டால் நேரே முதல் வரிசையில் இருந்த சங்கத் தலைவரின் தலை.

செயலாளரிடம் சொன்னார்.

"தலைவரைப் போய் எழுந்து நகரச் சொல்றதா? அதுக்கு அது விழுந்தே தொலையட்டும்!"

தலைவரிடமே போய்க் குனிந்தார். "ஐயா, இங்க உட்கார்ந்தா வீடியோவுல உங்க முகமே தெரியாது."

உயிருக்கு நகராத வரிசை முகத்துக்கு நகர்ந்தது. போகிறபோக்கில் சொன்னவருடைய நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனது. காலியான இடத்துக்கு வந்தவர்களை விரட்டியபடி, கொக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல் ஓரமாக நின்றார். பாட்டு முடிந்தது. ஸ்பீக்கர் விழவில்லை.

வாசலில் மகள் கேட்டாள்: "ஒரு தடவையாவது என்னைப் பாத்தியாப்பா?"

"மேல ஸ்பீக்கரும்மா..."

"அதான் விழலையே!" தோழிகளின் காரில் ஏறிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் அவர் மட்டும். தலைக்கு மேலே ஒரு விளம்பரப் பலகை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.