மயிலையின் வாய்க்குள் இரண்டு கைகள்

அங்கப்பன் சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ராசாத்தாள் கைவேலையை விட்டுவிட்டுப் புருஷனின் தொண்டையையே பார்ப்பாள். தண்ணீர் மடக்மடக்கென்று இறங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

எல்லாம் அந்த மயிலைப் பசுவால் வந்தது. பாவம், வாயில்லாத ஜீவனைச் சொல்லி என்ன செய்ய? வாயில் எச்சில் ஒழுக, குரல் கம்மி, தீனியும் தண்ணீரும் இறங்காமல் நின்றது. சில வாரங்களுக்கு முன் ஏதோ ஒரு நாய் அதன் மூக்கில் கடித்தது அப்போது யாருக்கும் நினைவில் இல்லை. தொண்டையில் சோளத்தட்டு சிக்கிக்கொண்டது என்றுதான் கிணத்துக்கடவில் எந்தக் குடியானவனும் நினைப்பான். முதலில் ராசாத்தாள் கையை விட்டுத் துழாவினாள். அவளால் ஆகாமல், அங்கப்பன் முழங்கை வரை விட்டான். தட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாட்டின் பல் அவன் மணிக்கட்டைக் கீறியதுதான் மிச்சம்.

மறுநாள் மயிலை செத்துப்போனது. மாட்டு டாக்டர் நரசிம்மலு சைக்கிளில் வந்து இறங்கியபோது, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கோடித்துணி போர்த்திக் குழியருகே கிடத்தியிருந்தார்கள்.

"தலைய மட்டும் குடுங்க கவுண்டரே. குன்னூருக்கு அனுப்பிச்சா, மூளையப் பூதக்கண்ணாடியில பாத்து வெறிநோயான்னு சொல்லிப்போடுவாங்க."

"பால் குடுத்த மகராசிங்க. தலைய அறுத்துப் பொட்டியில போடறதுங்களா?" அங்கப்பன் கும்பிட்டான். ராசாத்தாளும் கூடவே கும்பிட்டாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் கைகள் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

எதற்கும் இரண்டு பேரும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நரசிம்மலு படித்துப் படித்துச் சொன்னார். ராசாத்தாள் பயந்தவள், போனாள். தினமும் ரயில், தினமும் வயிற்றில் ஊசி. "கையில விறுவிறுன்னு இருக்குதாம்மா?" என்று அங்கே டாக்டர் தவறாமல் கேட்பார். இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். அவர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, அதுதான் நோயின் முதல் அடையாளம், அது வருவதற்கு முன்னால்தான் மருந்து, வந்துவிட்டால் எந்த மருந்தும் கேட்காது என்றார்.

அதை அங்கப்பனிடம் சொல்லி அழுதாள், காலைப் பிடித்தாள். "நோய்னு குன்னூர்ல சொன்னாங்களா? அப்பறம் எனக்கெதுக்குப் புள்ள ஊசி?" என்றான். தலையைக் கொடுக்காத மனுஷன் பேசுகிற பேச்சு! அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் ஒரு சொம்பை முழுசாகக் குடித்துக் காட்டி, "பாத்துக்க, எறங்கிருச்சு" என்று சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

அவளுடைய ஊசிகள் முடிந்தன. சோளமும் அறுப்புக்கு வந்தது. ஒரு மத்தியானம் அங்கப்பன் களத்திலிருந்து வந்து உட்கார்ந்தான். அவள் நீட்டிய சொம்பை வாங்கியவன் குடிக்கவில்லை.

"நாளைக்குக் கோயமுத்தூரு போலாம், ராசாத்தா. நானும் ஊசி போட்டுக்கறேன்."

எத்தனை சாமியிடம் வேண்டிக்கொண்ட வார்த்தை! சந்தோஷத்தில் அவளுக்கு நாக்குக் குழறியது.

"நெசமாத்தானுங்களா மாமா? என்னுங்க, திடீர்னு?"

அவன் சொம்பை மடியில் இடுக்கிக்கொண்டு, ஆறிப்போன மணிக்கட்டுத் தழும்பைச் சொறிந்துகொண்டிருந்தான். சொறியச் சொறியச் சொம்புத் தண்ணீர் தளும்பித் தளும்பி அவன் வேட்டியை நனைத்தது.