இசோனே ஊரில் ஒன்றுமில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, துண்டுப்பிரசுரமாகப் பிறந்தது. இசோனே ஊர் அலுவலகத்தின் சுற்றுலா மற்றும் முதலீட்டுப் பிரிவிலிருந்து (பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நாற்காலியில் சுமிரே) எனக்கு ஒரு போன் வந்தது.

"எங்க ஊரைப் பத்தித் தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதித் தர முடியுமா?"

"ஏன், தமிழ்க்காரங்க யாராவது வர்றாங்களா?"

"இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான். அதுவும் மீன் வாங்க."

பக்கத்து ஊரில் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்துக்கொண்டு பத்தொன்பது வருடமாகக் காலம் தள்ளுகிறவன் நான். எழுத்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனாலும் சுமிரே கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இரண்டு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. ஆனால் குரங்கு எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

"ஜப்பான் கடலோரத்தில் இயற்கை அன்னை அள்ளித் தெளித்த எழில்மிகு—" வேண்டாம். இயற்கை அன்னைக்கு வேறு வேலை இருக்கிறது.

"இசோனேயின் மக்கள்தொகை இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று. இவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள்—" வேண்டாம். இதைப் படித்துவிட்டு ஒருவரும் பெட்டி கட்டமாட்டார்கள்.

"மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு சுமிரேக்கு இந்த ஊரில் வேலை முடிகிறது."

இதுதான் சரி. இதை எழுதியதும் துண்டுப்பிரசுரம் செத்தது, கதை எழுந்து உட்கார்ந்தது.

சுமிரே இந்த ஊர்க்காரி இல்லை. வெளியூரிலிருந்து ஆள் எடுத்து, மூன்று வருடம் ஊரை விளம்பரப்படுத்தச் சொல்லும் ஓர் ஒப்பந்தத்தில் சிபா நகரத்திலிருந்து வந்தவள். வயது முப்பத்து நான்கு. வந்த முதல் மாதம் இசோனேக் காற்றில் மூன்று குடைகள் முறிந்தன. இரண்டாம் மாதம் குடை பிடிப்பதையே விட்டுவிட்டாள். இப்போது காலையில் கடலைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் படகு போகுமா போகாதா என்று அவளே சொல்லிவிடுகிறாள். இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஆசை இருந்தால் ஆயிற்றா? சிபாவில் அக்கா வீட்டுப் பின்னறையும், ஒரு கூரியர் கம்பெனி வேலையும் அவளுக்காகக் காத்திருந்தன.

ஒரே ஒரு வழி இருந்தது. துறைமுகத்தில் சும்மா கிடக்கும் பழைய ஐஸ் தொழிற்சாலையை வாங்கிப் பன்னிரண்டு அறை விடுதியாக மாற்றலாமா என்று தைவானில் ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர்தான் லின் அம்மாள். அங்கே நான்கு ஹோட்டல் நடத்துகிறவர். விடுதி வந்தால் சீனமொழி தெரிந்த மேலாளர் வேண்டும். இசோனேயில் சீனமொழி தெரிந்தவள் சுமிரே ஒருத்திதான். நவம்பரில் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று லின் அம்மாள் எழுதியிருந்தார்.

(என் முதல் பிரதியில் லின் அம்மாள் ஆணாக இருந்தார். கையில் தங்கக் கடிகாரம், வாயில் பல்குச்சி. இரண்டு பக்கம் போவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆளைத் தூக்கிவிட்டேன். கடிகாரத்தையும்தான்.)

3

இசோனேயில் ஒரு வழக்கம். விருந்தாளியிடம் சொந்த ஊரைப் பற்றி வாய் திறந்தால் "இங்கே ஒன்றுமில்லை" என்றுதான் தொடங்க வேண்டும். அது மரியாதை. ஜப்பான் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் இதில் இசோனேக்காரர்களுக்குத்தான் முதலிடம். (அவர்களிடம் சொன்னால் அதையும் மறுப்பார்கள்.)

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நமக்கும் இது புதிதில்லை. "ஒண்ணும் பண்ணலை, வெறும் ரசம்தான்" என்று உட்காரவைத்து இலை கொள்ளாமல் பரிமாறும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் நாம் அதைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வோம். ஊர்ப் பெருமை என்று வந்துவிட்டால் நம் வாயை யார் அடக்குவது?

போன வருடம் ஒரு வெளிநாட்டுப் பயணக் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று தெருவில் பதினோரு பேரைக் கேட்டார்கள். பதினோரு பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். வந்தவர்கள் அதை நம்பி, அன்று மத்தியானமே கிளம்பிப் போய்விட்டார்கள்.

லின் அம்மாள் விஷயத்தில் அப்படி நடக்கவிடக் கூடாது என்று சுமிரே மூன்று வாரம் ஊருக்கே பயிற்சி கொடுத்தாள். அந்த வாக்கியத்துக்குத் தடை. மீறினால், அலுவலகத் தோட்டத்தில் அரை மணி நேரம் களை பிடுங்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் தோட்டத்தில் களை என்று சொல்ல ஒரு புல் மிஞ்சவில்லை.

மீனவர் சங்கத்துச் சமையல் கூடத்தை நடத்தும் மசாயோதான் அதிகம் பிடுங்கியவர்.

"மசாயோக்கா, இப்ப நான்தான் லின் அம்மா. உங்க கணவாய் மீன் எப்படி இருக்கும்?"

"ஏதோ இருக்குங்க."

"ஏதோ இல்லைக்கா! நல்லா இருக்கும்னு சொல்லுங்க."

"என் கணவாயை நானே நல்லா இருக்கும்னா ஊர் சிரிக்காதா?"

"ஊரே அதைத்தானே தினமும் சொல்லுது!"

"அவங்க சொல்லலாம். நான் சொல்லலாமா?"

"சரி, பக்கத்து ஊர்க் கணவாயைவிட நல்லா இருக்கும்னாவது சொல்லுங்க."

மசாயோ வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவங்க காதுல விழுந்தா என்ன ஆகும்? பாவம்டி."

பக்கத்து ஊர்க்காரனான நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கணவாய் சுமார்தான்.

4

ஊர்த் தலைவர் தொகுராவை எப்படி எழுதுவது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. சிரிக்கவைக்கும் ஆளாக எழுதினால் சுலபம். குட்டை உருவம், பெரிய காலணி, எதற்கெடுத்தாலும் வியர்வை— வேண்டாம். நிஜத்தில் அவர் உயரம். முப்பது வருடம் படகில் போனவர். சுமிரே எழுதிக் கொடுத்த நாலு பக்கப் பேச்சை மூன்று வாரமாகக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். தண்ணீர் ஆறும் வரை எழுந்திருக்கவில்லை என்று அவர் மனைவி என்னிடம் புலம்பினார். இப்படிப்பட்ட மனுஷரைக் கேலிப்பொருளாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த பகுதியில் அவர் செய்யப்போகும் காரியத்துக்கு நான் பொறுப்பில்லை.

5

லின் அம்மாள் வந்தார். அறுபது வயது, தட்டையான செருப்பு, கையில் ஒரு சின்ன நோட்டு. ஊர் மன்றத்தில் முன்வரிசையில் அவர் உட்கார, பின்னால் ஊரில் பாதி பேர் நின்றார்கள். சுமிரே மொழிபெயர்க்கத் தயாராகப் பக்கத்தில் நின்றாள். தொகுரா மேடை ஏறி, காகிதத்தைப் பிரித்தார். முதல் வரி: "ஜப்பானிலேயே மிக அழகான விரிகுடா எங்களுடையது."

நிமிர்ந்து பார்த்தார். எதிரே தன்னுடைய ஊரே நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் தன் வீட்டைத் தானே புகழ வேண்டும். காது சிவந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

"அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. மன்னிக்கணும். எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லீங்க."

அப்பாடா என்று ஊரே தலையாட்டியது. கைதட்டல் வேறு.

லின் அம்மாள் சுமிரேயைப் பார்த்தார். "என்னம்மா சொல்றார்?"

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் எழுதாமல் நின்றேன். முதல் பிரதியில் சுமிரே கண்ணை மூடிக்கொண்டு அந்த நாலு பக்கப் பேச்சையும் சீனத்தில் ஒப்பித்தாள். அவளுக்கு அது மனப்பாடம், எழுதியதே அவள்தான். லின் அம்மாளும் மகிழ்ந்துபோய் அங்கேயே கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சுமிரேயைத் தவிர. இந்த ஜனங்களோடு காலமெல்லாம் இருக்க ஆசைப்படுகிறவள், அவர்கள் வாயில் வேறு வார்த்தையைத் திணித்துவிட்டு அப்புறம் எப்படி அவர்கள் முகத்தைப் பார்ப்பாள்? கிழித்துப் போட்டேன்.

ஆகவே சுமிரே மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளதை உள்ளபடியே சொன்னாள்.

"எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்றார்."

லின் அம்மாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அதன்பிறகு ஊர் கட்டவிழ்ந்துவிட்டது. மூன்று வாரமாக அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது. ஐஸ் தொழிற்சாலையைத் திறந்து காட்டியவர், "மழை வந்தா ஒழுகும், வரலைன்னா காத்து அடிக்கும்" என்றார். மசாயோ, வாய்க்கு விளங்காது என்று மன்னிப்புக் கேட்டபடியே நண்டு வைத்தார், கணவாய் வைத்தார், காரமுள்ளங்கி துருவி வைத்தார், ஆரஞ்சு நிறத்தில் பழுத்த சீமைப் பனிச்சைப் பழத்தை நறுக்கி வைத்தார். லின் அம்மாள் எல்லாவற்றையும் சாப்பிட்டார். மூன்று மணிக்கு எழுந்தார்.

"ஊருக்குப் போய் யோசிச்சு எழுதறேன்."

வியாபாரத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று எஞ்சின் மெக்கானிக்கான எனக்கே தெரியும். சுமிரேக்குத் தெரியாதா? விமான நிலையம் வரை கூடப் போவதற்காக, காரின் பின்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சிபாவில் அக்கா வீட்டுப் பின்னறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று யோசித்தாள்.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். "கார் கிளம்பியது" என்று எழுதி ஒரு புள்ளி வைத்தால் போதும், சோகமான கதை என்று நாலு பேர் மெச்சுவார்கள். ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது பொய். வேண்டுமென்றேதான் ஒளித்து வைத்தேன்.

விருந்தாளி கண்ணிலிருந்து மறையும் வரை நின்று கையசைக்க வேண்டும் என்பது இந்த நாட்டு முறை. பட்டணத்தில் அது ஒரு நிமிட வேலை, தெருமுனை திரும்பினால் தீர்ந்தது. இசோனேயில் தீராது. சாலை விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுரங்கப்பாதைக்குள் நுழையும் வரை பதினொரு நிமிடம், துறைமுகத்திலிருந்து பார்த்தால் கார் தெரிந்துகொண்டே இருக்கும். கார் தெரிகிற வரை யாரும் கையை இறக்க முடியாது. மீன் நிறையப் பட்ட நாளில் படகில் ஏற்றும் வண்ணக் கொடிகளையும் அன்றைக்கு எடுத்து வந்திருந்தார்கள்.

(காருக்குள் நடந்த பேச்சு என் கற்பனை. சுமிரே என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.)

மூன்றாவது வளைவில் லின் அம்மாள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னுமா ஆட்டறாங்க?"

"ஆமாம்மா."

ஐந்தாவது வளைவில் கண்ணாடியை இறக்கினார். தண்ணீருக்கு அப்பால் கொடிகள் சிவப்பும் நீலமுமாய்ப் படபடத்தன. உயரமான ஒருவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்ணின் கையில் சமையல் துணி.

"எப்பம்மா நிறுத்துவாங்க?"

"நாம கண்ணுக்குத் தெரியற வரைக்கும் நிறுத்தமாட்டாங்க."

"எங்க ஹோட்டல்ல சம்பளம் குடுத்துக் கை ஆட்டச் சொல்றேன். லிஃப்ட் கதவு பாதி மூடறதுக்குள்ள இறக்கிடறாங்க."

திரும்பிப் பார்த்தால் சுமிரே அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"மூணு வருஷமா நானும் அங்கதான் நின்னு ஆட்டியிருக்கேன். இந்தப் பக்கத்துலேருந்து பாத்ததே இல்லை."

லின் அம்மாள் முன்னால் குனிந்து ஓட்டுநரின் தோளைத் தட்டினார். "நிறுத்துப்பா."

மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சுரங்கப்பாதைக்கு இருபதடி முன்னால் கார் நின்றது. லின் அம்மாள் இறங்கிச் சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், நோட்டு கையில் இருந்தது. சுமிரேயும் இறங்கினாள்.

7

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் லின் அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, "நல்ல ஜனங்க, ஆனா கூரை ஒழுகுது" என்று காரில் ஏறுகிறார், சுரங்கம் காரை விழுங்குகிறது. இன்னொன்றில் வண்டியைத் திருப்பச் சொல்கிறார். முதலாவதை எழுதக் கை வரவில்லை. இரண்டாவதை எழுதினால், ஊர்ப்பாசத்தில் எழுதிவிட்டான் என்பீர்கள். போதாததற்கு நான் நடுநிலை ஆளும் இல்லை. அன்றைக்குத் துறைமுகத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். வலது கையில் கொடிக்கம்பு, அதன்மேல் இசோனேயின் காற்று முழுக்க.

"வண்டி ஏன் நின்னுடுச்சு?" என்கிறார் தொகுரா. "எஞ்சின் கோளாறா? ஏங்க, மெக்கானிக்!"

"எஞ்சின் நல்லா இருக்கு தலைவரே. நான் பாத்த எஞ்சின்."

"கையை இறக்காதீங்க!" என்று மசாயோ கத்துகிறார். "அவங்க இன்னும் தெரியறாங்க!"

ஆகவே முடிவை நீங்களே சொல்லிவிடுங்கள். போ என்றால் கார் போகும், திரும்பு என்றால் திரும்பும். அக்கரையில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், ஒருத்திக்கு மார்ச் வரைதான் கெடு. நன்றாக யோசித்தே சொல்லுங்கள், ஆனால் கொஞ்சம் சீக்கிரம். மசாயோவுக்கு வயது அறுபத்திரண்டு, காற்று பலமாக இருக்கிறது, நீங்கள் சொல்லும் வரை இங்கே நாங்கள் யாரும் கையை இறக்கமாட்டோம்.