பாராளின் கோப்பை

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் தங்கையின் கணவர், மாப்பிள்ளை வந்து, பையிலிருந்து அவளுடைய கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். கைப்பிடி உடைந்த பீங்கான் கோப்பை. உள்ளே அவளுடைய இருபது முகப் பகடை கிடந்தது. அவள் போய் ஏழு வாரமாகிறது. இதைப் பார்த்தாலாவது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் மரத்துக் கிடக்குமே, நான் முழுசாக அப்படித்தான் இருக்கிறேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை மட்டும் ஒழுங்காக நடக்கிறது.

எங்கள் விளையாட்டுக்குப் பதினேழு வயது. நான் கதை சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இருப்பார்கள். தாவினால் தப்பிப்பார்களா, சாவார்களா என்று பகடை சொல்லும். எங்கள் தெருத் தையல்காரர் போர்வீரன். வீட்டில் பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள். லிஃப்ட் மெக்கானிக்கான மாப்பிள்ளை மந்திரவாதி. என் தங்கையை அவர் முதலில் பார்த்ததே இந்த மேஜையில்தான். அவள் பாராளின் பூசாரி.

பாராள் என்றால் பார்க்காதவள், நான் உண்டாக்கிய அதிர்ஷ்ட தேவதை. பதினாலு வயதில் தங்கை தோற்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்தி அழுது என் உயிரை வாங்கினாள். அதனால் ஒரு விதி செய்தேன். பாராளை நம்புகிறவர்கள் தாங்கள் உருட்டியதைப் பார்க்கக் கூடாது. கோப்பையில் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். கதை சொல்கிறவன் மட்டும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வேண்டிய எண் விழுந்ததா இல்லையா என்று சொல்வான். எந்த எண் வந்தாலும் நான் விழுந்தது என்றே சொன்னேன். சந்தேகம் வராமலிருக்க எப்போதாவது இல்லை என்றும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மருந்தோடு இருந்தால் இரண்டு வருடம் என்றார். ஆபரேஷன் செய்தால் முழுசாகக் குணமாகலாம், ஆனால் பிழைக்கப் பத்தில் மூன்று வாய்ப்புதான் என்றார். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"பத்துல மூணுண்ணே. இதைவிட மோசமானதெல்லாம் எனக்கு விழுந்திருக்கு."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனிலிருந்து அவள் திரும்பவில்லை.

இன்று கோப்பைக்கு எதிரே தையல்காரரும் உட்கார்ந்திருந்தார்.

"போன தடவை பூசாரியைக் கயித்துப் பாலத்துல அப்படியே தொங்கவிட்டுட்டுப் போயிட்டோம். மனசு கேக்கல. ஒரு முடிவு பண்ணிடலாம்," என்றார் தையல்காரர். அளவு நாடா இன்னும் அவர் கழுத்தில் தொங்கியது.

பதினைந்துக்கு மேல் விழுந்தால் அவள் கரையேறுவாள் என்று சொன்னேன். மாப்பிள்ளை குலுக்கிக் கவிழ்த்தார். கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பா மச்சான். இந்தக் கையாலதான் போட்டேன் அந்தக் கையெழுத்தை. தூக்கமே இல்ல." பிறகு கையை எடுத்தார். "பாருங்க. விழுந்துச்சா?"

வழக்கம்போல ஓரத்தைத் தூக்கினேன். 'விழுந்துச்சு' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் இவர் இன்று ஒரு நாளாவது தூங்குவார். நாளையிலிருந்து மறுபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாப்பிள்ளை, நான் ஒரு தடவைகூட நம்பரைப் பாத்துச் சொன்னதில்ல."

"என்ன சொல்றீங்க?"

"அவளுக்கு எதுவும் அப்படி விழல. எல்லாம் நானா சொன்னது. அதை நம்பித்தான் அவ ஆபரேஷனுக்குப் போனா. உங்க கையெழுத்தால இல்ல."

தையல்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, விரலில் சுற்ற ஆரம்பித்தார். நான் கோப்பையை முழுசாகத் தூக்கினேன். அந்த விதி வந்த பிறகு முதல் தடவையாக அவளுடைய பகடை எல்லோர் முன்னாலும் வெளிச்சத்தில் கிடந்தது.

மாப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை என் கையிலிருந்து வாங்கி, பகடையின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.